வலியில்லா மருத்துவமனையில் ஒரு மாவுக்கட்டு

அந்த மருத்துவமனையில் யாருக்கும் வலிப்பதில்லை. இதை நானாகச் சொல்லவில்லை. வாசலிலேயே ஆள் உயரத்துக்கு எழுதி மாட்டியிருக்கிறார்கள்: "இது வலியில்லா வளாகம்." பக்கத்தில் புகை பிடிக்கக் கூடாது என்றொரு பலகை. இரண்டையும் ஒரே ஆளை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள் போல. எழுத்தும் ஒன்று, மிரட்டலும் ஒன்று.

அந்த வாசலுக்குள் ஒரு சாயங்காலம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டிலும் தெருவிலும் 'வாலு' என்றால்தான் தெரியும். அப்படிப்பட்ட வாலு அன்றைக்குச் சத்தமே காட்டாமல் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். இடது முன்கை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

எப்படி ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பானேன்? பூங்காவில் ஊஞ்சல். ஒரு கையால் மகளைத் தள்ளிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "போதும்ப்பா, பயமா இருக்கு" என்றாள் அவள். வீடியோவில் உயரம் பற்றவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு செல்லம்" என்று ஓங்கித் தள்ளினார். அவர் கேட்ட உயரம் கிடைத்தது.

டாக்ஸியில் வரும்போது இன்னொரு காரியமும் செய்தார். மகளின் காதோரம் குனிந்து, "அம்மா கேட்டா நீயே வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு, என்ன?" என்றார். வாலு உதட்டைக் கடித்தபடி தலையாட்டினாள். சொன்ன அந்த நிமிஷமே தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று அவருக்கு இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. மனைவியின் முகத்தை நினைத்தால் அவருக்கு அவ்வளவு பயம்.

வரவேற்பு மேஜையில் கோட் போட்ட ஒருவர் நின்றிருந்தார். மார்பில் தொங்கிய அட்டையில் 'வலி ஒழிப்பு மேலாளர்' என்றிருந்தது.

"வாங்க சார். பாப்பாவுக்கு உணர்வு எப்படி இருக்கு?"

"உணர்வா? கை ஒடைஞ்சிருக்குங்க. வலியில துடிக்கிறா!"

கூடமே கப்சிப். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்தினார். காவலாளி இரண்டு அடி கிட்டே வந்தார். மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த வார்த்தை இங்க வேணாமே. நாலு பேர் இருக்கிற இடம். 'உணர்வு'ன்னு சொல்லிப் பழகிக்கங்க."

பிறகு வாலுவைச் சுவரோரம் அழைத்துப் போனார். அங்கே வரிசையாக மூன்று முகங்கள் மாட்டியிருந்தன. முதல் முகம் லேசாகப் புன்னகைத்தது. இரண்டாவது சிரித்தது. மூன்றாவது பல் அத்தனையும் தெரியச் சிரித்தது.

"உனக்கு இப்ப எந்த முகம் மாதிரி இருக்கு பாப்பா?"

வாலு பார்த்தாள். மூன்றாவது முகத்துக்கு அப்பால் சுவரில் வெளுத்த வட்டங்கள் மூன்று இருந்தன. ஆணிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

"மீதி முகமெல்லாம் எங்கங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

"எடுத்துட்டோம் சார். முன்ன ஆறு முகம் இருந்துச்சு. கடைசியில ஒண்ணு அழுவும். வர்ற ஜனம் பூரா அதையே காட்டிட்டு இருந்துச்சுன்னு வைங்க, எங்க பேரு என்னாகிறது? எடுத்த அன்னைக்கே உணர்வு பாதியாக் கொறைஞ்சிடுச்சு. வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

வாலு நல்ல கையை நீட்டிக் கடைசி ஆணியைத் தொட்டாள்.

"அது செவுரு பாப்பா. செவுத்தைக் காட்டுனா நாங்க என்னன்னு எடுத்துக்கறது?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு எப்படியாவது உள்ளே விட்டால் போதும் என்றிருந்தது. "ஏதாவது ஒண்ணைக் காட்டும்மா" என்றார். அவள் விரல் முதல் முகத்தில் போய் நின்றது.

"லேசான புன்னகை. ரொம்ப சந்தோஷம். உள்ள போங்க" என்றார் மேலாளர்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், உள்ளே இருந்த எலும்பு டாக்டர் கெட்டிக்காரர். இளவயசு. எக்ஸ்ரேயைப் பார்த்தார், முன்கையின் இரண்டு எலும்பும் போயிருந்தன. "சின்னப் பசங்க எலும்பு சொன்ன பேச்சு கேக்கும், பயப்படாதீங்க" என்றார். மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து நேராக்கி, பஞ்சைச் சுற்றி, மாவுத்துணியை நனைத்து நனைத்து முழங்கைக்கு மேல்வரை பதமாகச் சுற்றிவிட்டார். கட்டு காய்ந்ததும் அவர் வாய் திறந்தார். வாசலில் மேலாளர் நிற்பதைப் பார்த்ததும் நாக்கு திக்க ஆரம்பித்தது.

"கையைத் தலைகாணி மேல ஒசத்தியே வைங்க. விரலை அடிக்கடி பாருங்க. உள்ள வீக்கம் ஏறுனா கட்டு இறுகிடும். விரல் வீங்கினா, வெளுத்தா, நீலமானா, மரத்துப்போனா, அப்புறம்... அப்புறம் உணர்வு ரொம்ப அதிகமானா, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. தூக்கிட்டு வாங்க. கட்டைப் பிளந்து விட்டுருவேன். கொழந்தையே சொல்லிடுவா, அதுதான் நமக்கு முதல் அடையாளம்."

"நம்ம கட்டு இறுகினதாச் சரித்திரமே கெடையாது. சில கைங்க வீங்கியிருக்கு, அது கையோட பிரச்சனை" என்று வாசலிலிருந்து திருத்தம் சொன்னார் மேலாளர்.

மயக்கம் தெளிந்து வாலு அழுவதற்கு வாயைத் திறந்தாள். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். அது அங்கே வழக்கம். அழுகை வருகிற நேரம் பார்த்துத் தட்டுவதற்கென்றே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். குழந்தை மிரண்டு போய் வாயை மூடிக்கொண்டது. மேலாளர் பளபளவென்று ஒரு பேட்ஜை அவள் சட்டையில் குத்தினார். 'வலியை வென்றவள்.' வாசல் பலகையையும் மேலாளரின் அட்டையையும் விட்டால் அந்த வார்த்தையை எழுத அனுமதி உள்ள ஒரே இடம் அதுதான்.

"இனிமே அழுதா இதைத் திருப்பி வாங்கிக்குவோம், சரியா?"

"அழமாட்டா சார், எம்பொண்ணு தைரியசாலி" என்றார் லிஃப்ட்காரர். அதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து நினைத்து அவர் பிற்பாடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டில் அம்மா வேலை முடிந்து வந்தாள். தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. ஒரு தையல் கோணினாலும் எட்ட நின்றே கண்டுபிடிக்கிற கண்.

"எப்படிடி விழுந்த?"

"வழுக்கிட்டேன்மா" என்றாள் வாலு. சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையணையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

"பக்கத்துல நின்னுட்டு என்னதாங்க பண்ணீங்க? ஒரு கொழந்தையைப் பிடிக்கத் தெரியாதா?"

"ஒரு செகண்டுல ஆயிடுச்சு" என்றார் அவர். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். லிஃப்ட்டில் எவனாவது மாட்டிக்கொண்டு மணி அடித்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுகிற மனுஷன் அவர். சொந்த வீட்டில் மணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் எழுந்து பார்த்தால் வாலு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பேட்ஜை இரவு உடையிலும் குத்தியிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. இது இவள் சிரிப்பு இல்லையே, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று லிஃப்ட்காரர் யோசித்தார். அப்புறம் ஞாபகம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த இரண்டாவது முகம்.

"ஐயையோ, என்னங்க இது, விரலா?" என்று அம்மா அலறினாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் உப்பிப் பளபளவென்றிருந்தன. நுனிகள் வெளுத்திருந்தன.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா."

"நெசமாச் சொல்லு."

"இல்லவே இல்ல." நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

ஓடினார்கள். மருத்துவமனை வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிறந்த வலியில்லா வளாகத்துக்கான விருதுக்குழு அன்றைக்குத்தான் வருகிறதாம். உள்ளே ஒத்திகை அமர்க்களப்பட்டது. காலைத் தூக்கிக் கட்டியிருந்த ஒரு பெரியவர் கைக்கண்ணாடியைப் பார்த்து மூன்றாவது சிரிப்பைப் பழகிக்கொண்டிருந்தார். பல் டாக்டருக்குக் கட்டாய விடுப்பு. பிரசவ வார்டையே பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றியாகிவிட்டது. அங்கே யார் கத்தினாலும் அது அந்தக் கட்டடத்துச் சத்தம். ஊசி அறையில் 'ஆ'வென்று கத்திய குழந்தைகளை ஒரு பாட்டு டீச்சரிடம் ஒப்படைத்திருந்தார்கள். கதவில் 'இசை வகுப்பு' என்று எழுதியிருந்தது.

மேலாளர் இரண்டு கையையும் விரித்து வழிமறித்தார். "இன்னைக்கா சார் வருவீங்க?"

"விரலைப் பாருங்க சார். டாக்டரே சொன்னாரு, கட்டைப் பிளக்கணும்னு."

"கட்டைப் பிளந்தா கட்டு தப்புன்னு ஆகிடுமே. சரி, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. பாப்பா, எந்த முகம்?"

வாலு தயங்காமல் இரண்டாவது முகத்தைத் தொட்டாள்.

"பாத்தீங்களா? நேத்து லேசான புன்னகை. இன்னைக்குச் சிரிப்பு. முன்னேற்றம் சார்! பெத்தவங்களுக்குத்தான் மனசு கேக்கறதில்ல."

"யோவ், எம்பொண்ணு விரலைப் பாருய்யா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் எலும்பு டாக்டர் வெளியே ஓடிவந்தார். விரலைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினார். எந்தக் குழந்தையாக இருந்தாலும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியிருக்கும். வாலு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள்.

"கட்டு வெட்டுற ரம்பம் வேணும்" என்றார் டாக்டர்.

"சாவி ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கிட்ட. அவர் மேடையில இருக்கார். ரம்பம் போடுற சத்தம் விருதுக்குழு காதுல விழக் கூடாதுன்னு நேத்தே பூட்டிட்டோம். காரணம் என்னன்னு கேப்பாங்க, என்ன சொல்லட்டும்?"

"வீக்கம்."

"வீக்கம் எங்க பட்டியல்லயே இல்ல டாக்டர். உணர்வு இருந்தாத்தான் சாவி. கொழந்தையே இல்லங்குதே!"

டாக்டர் லிஃப்ட்காரரைத் தனியே இழுத்தார். "சார், அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், எவன் தடுத்தாலும் நான் வெட்டிடறேன். இப்படியே விட்டா உள்ள ரத்த ஓட்டம் நின்னு கையே விளங்காமப் போயிடும். நீங்க அப்பாதானே, சொல்லச் சொல்லுங்க." அவர் பேசுவதைப் பார்த்தால் அவருக்குத்தான் யாரோ தைரியம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

லிஃப்ட்காரர் மகள் முன்னால் மண்டியிட்டார். "வலிக்குதுன்னு சொல்லுடா செல்லம். பேட்ஜ் போனாப் போகுது. வேற வாங்கித் தரேன்."

வாலு அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"பேட்ஜுக்கு இல்லப்பா. வலிக்குதுன்னு அழுதா அம்மா திரும்ப எப்படி விழுந்தேன்னு கேப்பாங்க. அழும்போது எனக்குப் பொய் சொல்ல வராது. உன்னைத் திட்டுவாங்க. நீதானே சொல்லாதேன்ன?"

அவருக்குக் காது அடைத்துப்போனது. இந்த மேலாளரையும் அவர் போட்டிருந்த கோட்டையும் நேற்றிலிருந்து மனசுக்குள் என்னென்னவோ திட்டிக்கொண்டிருந்தார். அவள் வாயைக் கட்டியது இவர்களில்லை. இவர்களுக்கு முன்னாலேயே, டாக்ஸியில் வைத்து, தன் கையாலேயே கட்டியாகிவிட்டது. அவ்வளவு சின்ன உயிர், தன் அப்பன் ஒரு திட்டு வாங்கக் கூடாது என்பதற்காகக் கையையே கொடுக்கப் பார்த்தது.

அப்போது பார்த்துக் கூடத்தின் மறுகோடியில் விருதுக்குழு வந்து உட்கார்ந்தது. கண்காணிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! வலி என்பது உடம்பில் இல்லை, விசாரணையில் இருக்கிறது. நாங்கள் கேட்டவரையில் நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்பதை நிறுத்தினோம், சொல்வதும் நின்றது. இதற்காக நாங்கள் ஒரு மருந்தும் வாங்கவில்லை. போன வருடம் இறந்துபோனவர்களில்கூட ஒருவர் பாக்கியில்லாமல் புன்னகையோடுதான் போனார்கள் என்பதை..."

"நான்தாங்க தள்ளினேன்!"

கண்காணிப்பாளர் நிறுத்தினார். எல்லாத் தலையும் திரும்பியது. லிஃப்ட்காரர் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். அவர் பேசியது மேடையைப் பார்த்து இல்லை, மனைவியைப் பார்த்து.

"வழுக்கியெல்லாம் விழல. ஊஞ்சல்ல வெச்சு நான் தள்ளினேன். போதும்னா, பயமா இருக்குன்னா. வீடியோ நல்லா வரணும்னு இன்னொரு தடவை தள்ளினேன். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். அதனாலதான் இப்பவும் வாயைத் திறக்க மாட்டேங்கறா. பொறுத்துக்கிட்டு நிக்கிறா!"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். "அதை வீட்டுல பேசிக்கலாம்" என்றாள். "இப்ப புள்ள கையைப் பாருங்க."

அவர் வாலுவிடம் குனிந்தார். "அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. மறைக்க ஒண்ணுமே இல்ல. வலிக்குதாம்மா?"

அந்த இரண்டாவது முகம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. அப்புறம் கீழுதடு பிதுங்கியது.

"வலிக்குதுப்பா! ரொம்ப வலிக்குதுப்பா!"

ஒரு ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்த அழுகை. கூடம் அதிர்ந்தது. கை தட்டுகிற ஊழியர்கள் தட்டிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. கைக்கண்ணாடிப் பெரியவர் கண்ணாடியைக் கீழே போட்டார். "எனக்கும் வலிக்குதுய்யா! வந்ததுலேர்ந்து வலிக்குது!" என்றார். அவ்வளவுதான். எதிர்க்கட்டிலில் இருந்து ஒரு 'ஐயோ', மாடியில் இருந்து ஒரு 'அம்மா'. இசை வகுப்புக் கதவு திறந்து குழந்தைகள் ஒரே சுருதியில் ஊளையிட்டார்கள். காவலாளி முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விருதுக்குழுவின் தலைவரே, "நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், இந்த முழங்கால் இருக்கே..." என்று ஆரம்பித்துவிட்டார். மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு, "உணர்வு! உணர்வுன்னு சொல்லுங்க!" என்று வார்டு வார்டாக ஓடினார்.

எலும்பு டாக்டர் மேடையில் ஏறிக் கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ரம்பம் விர்ரென்று கத்தியது. கட்டை இரண்டு பக்கமும் பிளந்து, உள்ளேயிருந்த பஞ்சையும் தோல்வரை வெட்டிவிட்டார். எல்லோரும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளுப்பு மெல்ல விலகியது. நகத்தடியில் ரத்தம் ஏறியது. வாலு கட்டைவிரலை ஆட்டிக் காட்டினாள். டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோ பாப்பா, நேத்தே நான் ஒழுங்காச் சொல்லியிருக்கணும்" என்றார். அந்தக் கட்டடத்தில் யாராவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்டது அதுவே முதல்.

விருது அவர்களுக்குத்தான் கிடைத்தது, சந்தேகமே வேண்டாம். அன்றைக்குக் கேட்ட சத்தம் ஒலிபெருக்கிக் கோளாறு என்று முடிவாயிற்று. வாசல் பலகையில் ஒரு வரி சேர்த்தார்கள்: "உடன் வருவோர் குழந்தைகளிடம் எதுவும் கேட்கக் கூடாது." எலும்பு டாக்டரைப் பிணவறைக்கு மாற்றினார்கள். வளாகத்தின் கொள்கையை முழுமையாக எட்டியிருக்கும் பிரிவு அது ஒன்றுதான் என்று கண்காணிப்பாளர் அவரைப் பாராட்டியும் பேசினாராம்.

வீட்டில் அம்மா போனைக் கேட்டு வாங்கினாள். வீடியோவை முதலிலிருந்து பார்த்தாள். "போதும்ப்பா" என்று குரல் வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தரம் ஓட்டிக் கேட்டாள். பிறகு போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அவர் எவ்வளவோ தேவலாம் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மீதி வைத்தியத்துக்கு வேறு இடம் பார்த்தார்கள். சின்ன கிளினிக். அங்கே ஒரு டாக்டரம்மா. சுவரில் காலண்டரைத் தவிர ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. எலும்பு கூடியதும் கட்டைக் கழற்றினார். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போலிருந்தது. மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"இப்ப வலிக்குதாம்மா?"

வாலு திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அதில் தேடினாள்.

லிஃப்ட்காரருக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வாலு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.